பணம் இல்லை, ஏசி இருக்கு

கச்சான் அடித்தால் தென்கடல் பொங்கும்,
படகுகள் வடகடலுக்குப் போய்விடும்.
வாடை அடித்தால் மாற்றி.
பாம்பனில் கடலுக்குக் கூட மாற்று உண்டு.
எங்கள் தெரு ஏடிஎம்முக்குக் கிடையாது.
அது நின்றுவிட்டால்
பாலத்துக்கு அந்தப் பக்கம்
மண்டபத்துக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

அதை ஒட்டினாற்போல் என் ஜெராக்ஸ் கடை.
ஒரு பக்கம் இரண்டு ரூபாய், முன்பின் மூன்று.
ஆதார், ரேஷன் கார்டு, படகுப் பதிவு,
கடலுக்குப் போனவனின் இறப்புச் சான்றிதழ்
எல்லாமே என் கண்ணாடிமேல்
குப்புறப் படுத்து எழுந்தவைதான்.

தடைக்காலத்தின் முப்பத்தெட்டாம் நாள்
நிவாரணம் ஏறிவிட்டதாக மெசேஜ் வந்தது.
வந்தது காதில் கேட்டது,
தெரு முழுக்க, வீடு வீடாக, டொய்ங் டொய்ங் என்று.
பத்து நிமிடத்தில் வரிசை.
முதல் ஆள் இன்னாசி.
மெஷின் உள்ளே எதையோ எண்ணுவதுபோல்
கொஞ்ச நேரம் பாவனை செய்துவிட்டு
ஒரு துண்டுச் சீட்டைத் துப்பியது: மன்னிக்கவும்.
"கல்யாணம் ஆன நாள்லருந்து
எங்கிட்ட மன்னிப்புக் கேட்ட முதல் ஆளு இதுதான்"
என்று சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார்.

யாரும் கலையவில்லை.
மே மாதம்.
ஐஸ் பிளான்ட் மூடிக் கிடக்கிறது.
ஊரில் குளிர்ந்த இடம் அந்தக் கண்ணாடி அறை ஒன்றுதான்.

பாசி எடுக்கப் போய்
பாறை கிழித்த விரலில் துணி சுற்றியிருப்பவர்களுக்கு
நான்தான் நம்பர் அடித்துக் கொடுப்பேன்.
பதினேழு பேரின் ரகசிய எண் எனக்குத் தெரியும்.
பாதி படகு நம்பர், பாதி பிள்ளை பிறந்த வருடம்.
பாக்கியத்தாயினுடையது
ஒன்று ஒன்பது ஆறு நான்கு.
அவள் பிறந்தது அதற்கு எட்டு வருடம் கழித்து.
நான் கேட்டதில்லை.
ஒவ்வொரு முறையும்
அந்த நான்கை மட்டும் கொஞ்சம் மெதுவாக அழுத்துவேன்.

மதியம் ஹாஜிரா வந்தாள்,
தோளில் காய்ச்சலோடு ஆறு மாதப் பிள்ளை.
மருந்து கொடுத்தாயிற்று,
வீட்டில் கரண்ட் இல்லை.
உள்ளே சேலை விரித்துப் படுக்கப் போட்டாள்.
அதுவரை உள்ளே நின்றவர்கள்
தாங்களாகவே வெளியே வந்து வெயிலில் நின்றார்கள்.

அப்போது பார்த்துத் தண்ணி லாரி ஹாரன்.
வரிசை அப்படியே எழுந்து ஓடியது,
இடத்துக்குச் செருப்பைப் போட்டுவிட்டு.
முப்பது ஜோடிச் செருப்பு
ஏடிஎம் வாசலில் பணத்துக்குக் காத்திருந்தது.
ஒன்றை நாய் தூக்கிக்கொண்டு போனது.
அது இன்னாசியுடையது.
குடத்தோடு திரும்பியவருக்கு
ஒற்றைச் செருப்புக்கு முதலிடம் செல்லுமா என்பதில்
சாயங்காலம் வரை தகராறு.

ஐந்தரைக்குப் பண வண்டி வந்தது.
பெட்டியோடு இறங்கிய பையன்
"உள்ள ஆள் இருக்கக் கூடாதுக்கா, ரூல்சு" என்றான்.
துப்பாக்கிக்காரர் எட்டிப் பார்த்தார்.
பிள்ளைக்கு வியர்த்திருந்தது, நல்ல தூக்கம்.
"பாலத்துல காத்து அதிகம்,
வண்டி மெதுவா வந்துச்சுன்னு எழுதிக்க" என்றார்.
பிறகு என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

எல்லாம் ஐந்நூறு ரூபாய்த் தாள்.
மாற்றக் கடைக்கு வந்தார்கள்.
என்னிடம் இருந்ததோ இரண்டு ரூபாய்க் காசு மட்டும்.

ஜெராக்ஸுக்குத் தடைக்காலம் இல்லை,
அதனால் நிவாரணமும் இல்லை.
கடையைப் பூட்டிவிட்டுச் சும்மா உள்ளே போய் நின்றேன்.
கழுத்துப் பின்னால் குளிர்ந்தது.
கார்டைச் செருகவும் என்றது திரை.
செருகவும், செருகவும்.
தரையில் ஒரு சின்னக் காலுறை கிடந்தது,
எடுத்து மெஷின்மேல் வைத்தேன்.

வெளியே வருகையில் கதவைச் சாத்தவில்லை.
செருப்புத் திருடிய நாய்
என்னைத் தாண்டி உள்ளே போய்ப்
படுத்துக்கொண்டது.